பல்லுக்கு முன்னால்

தூக்கம் வராமல் நேற்று ‘பிளாக்குலா’ பார்த்தேன். 1972-ல் வந்த அமெரிக்க ரத்தக்காட்டேரிப் படம்.

எடுத்தவுடனே 1780, டிராகுலாவின் கோட்டையில் விருந்து. மாமுவால்டே என்ற ஆப்பிரிக்க இளவரசன் அடிமை வியாபாரத்தை நிறுத்த ஆதரவு கேட்டு வந்திருக்கிறான். டிராகுலா பிரபுவோ அவன் மனைவிக்கே விலை வைப்பது போலப் பேசுகிறார், அதுவும் சிரித்துக்கொண்டே.

கோரைப்பல் இன்னும் வெளியே வரவில்லை, எனக்கு அப்போதே குலை நடுங்கிவிட்டது.

இந்த இளவரசப் பின்கதை நாயகன் வில்லியம் மார்ஷல் வற்புறுத்திச் சேர்க்க வைத்தது. மேடையில் ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோவாக நடித்த ஆள், என்ன குரல்!

இயக்குநர் வில்லியம் கிரெய்னும் கறுப்பினத்தவர்தான்.

சரி, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று பார்த்தால், ரத்தக்காட்டேரியாக்கப்பட்ட மாமுவால்டே அடைபட்டுக் கிடக்கும் சவப்பெட்டியை லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வாங்கி வரும் தன்பாலின ஜோடியை வெறும் கேலிப்பொருளாக்கி முதல் பலியும் கொடுத்துவிடுகிறார்கள். அவர்களுக்காக வாதாட அந்தப் படப்பிடிப்பில் ஒரு மார்ஷல் இல்லை போல.