அட்லாண்டிக் அடிமை வணிகத்தில் ஆப்பிரிக்க அரசுகளின் பங்கு: தேர்வுக்கு நான் படித்த முறை

முதுகலை வரலாற்றுத் தேர்வுக்குப் படித்த காலத்தில் எனக்கு மிகுதியான உழைப்பு தேவைப்பட்ட பாடம் அட்லாண்டிக் அடிமை வணிகம். அதிலும் ஆப்பிரிக்க அரசுகளின் பங்கை ஆராயச் சொல்லும் கேள்வியில்தான் பலரும் மதிப்பெண்ணை இழக்கிறார்கள். பழி முழுவதையும் ஐரோப்பியர் தலையில் கட்டிவிட்டு நகர்பவர்களும் உண்டு. ஆப்பிரிக்கரே ஆப்பிரிக்கரை விற்றார்கள் என்று ஒரே வரியில் முடிப்பவர்களும் உண்டு. விற்றவரும் விற்கப்பட்டவரும் தங்களை ஒரே இனமாகக் கருதவில்லை. எந்த அரசு, எந்தக் கடற்கரை, எந்த ஆண்டு என்று பிரித்துப் படித்தால்தான் இந்தப் பாடம் பிடிபடும்.

முதலில் எண்கள். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1860கள் வரை சுமார் 1.25 கோடிப் பேர் அடிமைகளாக ஆப்பிரிக்காவிலிருந்து அட்லாண்டிக் கடலைத் தாண்டி அமெரிக்கக் கண்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்டனர். அவர்களில் உயிரோடு கரையிறங்கியவர்கள் சுமார் 1.07 கோடிப் பேர். பிரேசிலுக்கு மட்டும் ஏறத்தாழ 48 லட்சம் பேர் போய்ச் சேர்ந்தனர். இன்றைய அமெரிக்க ஐக்கிய நாட்டுப் பகுதிக்கு நேரடியாகக் கொண்டுவரப்பட்டவர்கள் நான்கு லட்சத்துக்கும் குறைவு. பிறகு அடிமைகள் கப்பலேற்றப்பட்ட ஆப்பிரிக்கக் கடற்கரைப் பகுதிகளான செனகாம்பியா, கோல்டு கோஸ்ட், பெனின் விரிகுடா, பையாஃப்ரா விரிகுடா, காங்கோ-அங்கோலா ஆகியவற்றைக் குறித்து ஒரு வரைபடத்தைக் கையாலேயே வரைந்து பழகுங்கள்.

காங்கோ மன்னர் முதலாம் அஃபோன்சோ 1526இல் போர்ச்சுகல் மன்னருக்கு எழுதிய கடிதங்களைத் தவறவிடக் கூடாது. தம் குடிமக்களையும் பிரபுக்களின் பிள்ளைகளையும் வணிகர்கள் பிடித்துச் செல்வதாக அவர் முறையிட்டார்; அதே மன்னர் போர்க் கைதிகளை விற்கவும் செய்தார். இவ்விரண்டையும் ஒரே பத்தியில் எழுதுங்கள். இன்றைய பெனின் குடியரசுப் பகுதியில் இருந்த தஹோமியின் மன்னர் அகாஜா, அண்டை அரசுகளான அல்லாடாவை 1724இலும் உய்டாவை 1727இலும் கைப்பற்றினார்; அதன்பின் தஹோமி அடிமை ஏற்றுமதியில் முக்கிய அரசாயிற்று. இன்றைய நைஜீரியாவில் இருந்த பழைய பெனின் அரசோ (இது பெனின் குடியரசு அல்ல) ஆண் கைதிகளை வெளியே விற்பதை நீண்ட காலம் கட்டுப்படுத்தி வைத்திருந்தது.

வணிகம் நடந்த விதத்தைப் புரிந்துகொள்ள, இன்றைய நைஜீரியாவின் தென்கிழக்கிலுள்ள பழைய கலபாரைப் படியுங்கள். கப்பல் தலைவர்கள் துணி, துப்பாக்கி, செப்புக் கம்பி முதலியவற்றை அங்குள்ள எஃபிக் இன வணிகர்களுக்குக் கடனாகக் கொடுப்பார்கள். அந்த வணிகர்கள் உள்நாட்டுச் சந்தைகளுக்குச் சென்று அடிமைகளை வாங்கித் திரும்பும் வரை, அவர்களுடைய உறவினர்களே, சில வேளைகளில் சொந்தப் பிள்ளைகளே, பிணையாக வைக்கப்பட்டார்கள். கடன் அடையாமல் கப்பல் புறப்பட்டுவிட்டால் பிணையாக இருந்தவர்களும் அடிமைகளாகக் கடல் கடக்க நேர்ந்தது. இவ்வணிகர்களில் ஒருவரான அன்டெரா டியூக் 1785 முதல் 1788 வரை எழுதிய நாட்குறிப்பில், கப்பல்கள் எத்தனை அடிமைகளோடு புறப்பட்டன என்ற கணக்கு அன்றாடச் செய்திகளுக்கு நடுவே வந்து போகிறது. அந்த வரிகளைப் படித்த பிறகு எனக்கு நெடுநேரம் வேறு எதுவும் படிக்க ஓடவில்லை.

இந்தியப் பொருளாதார வரலாற்றையும் சேர்த்துப் படிப்பவர்கள் இங்கே ஒரு தொடர்பைக் கவனிக்கலாம். மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் அடிமைகளுக்கு ஈடாகக் கொடுக்கப்பட்ட சரக்குகளில் மாலத்தீவுச் சோழிகளும், சோழமண்டலக் கரையில் நெய்யப்பட்ட துணிகளும் இருந்தன. புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுக் கப்பல்களில் போன நீலத்துணியும் அவற்றில் அடங்கும்.

வரலாற்றாசிரியர்களில் வால்டர் ராட்னியையும் ஜான் தார்ண்டனையும் எதிரெதிரே வைத்துப் படிப்பது நல்லது. வெளியிலிருந்து வந்த தேவைதான் ஆப்பிரிக்கச் சமூகங்களைச் சிதைத்தது என்கிறார் ராட்னி. ஆப்பிரிக்க ஆட்சியாளர்கள் தங்கள் நலன் கருதியே, பேரம் பேசும் வலிமையோடு இதில் ஈடுபட்டார்கள் என்கிறார் தார்ண்டன். தொடக்க நூற்றாண்டுகளுக்குத் தார்ண்டனின் விளக்கமும், துப்பாக்கியும் கடனும் பெருகிய 18ஆம் நூற்றாண்டுக்கு ராட்னியின் விளக்கமும் கூடுதலாகப் பொருந்துகின்றன என்பது என் கருத்து. விடையில் இப்படி ஒரு நிலைப்பாட்டை எடுக்கத் தயங்காதீர்கள். ஆனால் கப்பல், முதலீடு, தோட்டங்களின் லாபம் ஆகியவை யார் கையில் இருந்தன என்பதையும் உடன் சொல்லிவிடுங்கள். பங்கேற்றவர்கள் எல்லோருக்கும் ஒரே அளவு பொறுப்பு என்று ஆகிவிடாது.

எதிர்ப்பைப் பற்றிப் பெரும்பாலோர் எழுதுவதே இல்லை. ஏறத்தாழ பத்துப் பயணங்களில் ஒன்றில் கப்பலிலேயே கிளர்ச்சி நடந்தது என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். முடிவுரையில் எழுத, பெனின் குடியரசின் தலைவர் மத்தியூ கெரேக்கு 1999இல் அமெரிக்காவின் பால்டிமோருக்குச் சென்று, தம் முன்னோர்களின் பங்குக்காகக் கறுப்பின மக்களிடம் மன்னிப்புக் கேட்ட நிகழ்வு பயன்படும்.