முடி வந்தால் குணமா?

“முடியெல்லாம் நல்லா வந்திருச்சே! அப்போ சரியாயிருச்சு, இல்லம்மா?”

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் தீபாவளிச் சந்தையில் வளையல் கடை அக்கா கேட்டார். போன வருடம் தலையில் துணி கட்டி வந்த என்னை ஞாபகம் வைத்திருக்கிறார். அவர் துப்பட்டாவில் ஊக்கு போட்டுக் குத்திய இளஞ்சிவப்பு ரிப்பன், மார்பகப் புற்று விழிப்புணர்வுக்கானது. முனையில் வளையல் ஜிகினா ஒட்டி மின்னியது.

“இல்லக்கா, எலும்புக்குப் போயிருச்சு. இப்போ மாத்திரை.”

அவர் முகம் வாடிவிட்டது. எனக்குத்தான் பாவமாகிவிட்டது!

எலும்புக்குப் பரவினாலும் அது மார்பகப் புற்றுதான். நுரையீரல், கல்லீரல், மூளைக்கும் போகலாம். நான்காம் நிலை என்பது இதுதான். சிகிச்சைக்கு முடிவுத் தேதி கிடையாது. ஒரு மருந்து கேட்கும்வரை அது, அப்புறம் வேறொன்று. ஹார்மோன் மாத்திரையில் கீமோ போல மொட்டையாவதில்லை. அதனால் பார்க்க நன்றாகத்தான் இருப்போம்.

மார்பகப் புற்று விழிப்புணர்வு மாதமான அக்டோபர் முழுக்க ‘சீக்கிரம் கண்டுபிடித்தால் பிழைக்கலாம்’ என்கிறார்கள். சரிதான், மார்பக எக்ஸ்ரேயான மாமோகிராம் எடுங்கள். ஆனால் சீக்கிரம் கண்டுபிடித்தவர்களிலும் சிலருக்குத் திரும்ப வருகிறது, பத்து வருடம் கழித்துக்கூட. பரவிய புற்றுக்கென்று அக்டோபர் 13 ஒதுக்கப்பட்டிருக்கிறது. மாதம் முழுக்க ரிப்பன், எங்களுக்கு ஒரு நாள்.

சிகிச்சை முடித்த அக்கா தங்கைகளே, முதுகுவலியோ மூச்சுத்திணறலோ விடாமல் இருந்தால் தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராதீர்கள். புது டாக்டராக இருந்தால் பழைய புற்றுக் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.