கழுவிய நீரையும் அளந்து பாருங்கள்

பழைய முடியில் ஈயமோ ஆர்செனிக்கோ இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது சுலபம். அது உடம்புக்குள்ளிருந்து வந்ததா, வெளியே ஒட்டியதா என்பதில்தான் மண்டை காயும். முடியின் புரதமான கெரட்டினில் உள்ள கந்தகம் ரத்தத்து ஈயத்தையும் பிடிக்கும், தூசியில் வந்த ஈயத்தையும் பிடிக்கும்.

முதலில் வேர்முனை எது என்று குறித்துக்கொள்கிறோம். மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளர்ச்சி; அடியோடு வெட்டிய 6 செ.மீ. கற்றை கடைசி அரை வருடத்தைத்தான் சொல்லும். திசை கலைந்திருந்தால் மாதக் கணக்கை மறந்துவிட்டுச் சராசரியோடு நிற்க வேண்டியதுதான். துண்டாக்க செராமிக் கத்தரி. ஸ்டீல் என்றால் குரோமியமும் நிக்கலும் சேரும்.

கழுவுவது அசிட்டோனில் ஒரு முறை, அயனி நீக்கிய நீரில் மூன்று முறை, மறுபடி அசிட்டோன். கழுவிய நீரைக் கொட்டிவிடாதீர்கள், ஒவ்வொன்றையும் தனியே அளக்க வேண்டும். மூன்றாவது நீரிலும் ஈயம் குறையவில்லையா? முடியின் எண்ணை நம்பாதீர்கள். அதற்காக உலோகத்தைப் பிடித்திழுக்கும் ஈடிடிஏ வேதிப்பொருளை ஊற்றிக் கழுவினால் உள்ளே இருந்ததும் கழன்று வந்துவிடும். வேரிலிருந்து நுனிக்குப் போகப் போக அளவு சீராக ஏறினாலும் வெளித்தூசி மேல்தான் சந்தேகம்.

அசிட்டோன் துளிகூட இல்லாமல் காய்ந்த பிறகே முடியைக் கரைக்கும் அமிலம். அசிட்டோன் ஈரத்தில் நைட்ரிக் அமிலம் பட்டால் வெடிக்கலாம். 50 மி.கி. முடிக்கு 65% நைட்ரிக் அமிலம் 2 மி.லி., 30% ஹைட்ரஜன் பெராக்சைடு 0.5 மி.லி., மூடிய டெஃப்ளான் குடுவை, மைக்ரோவேவ். திறந்த பீக்கரில் சுட்டால் பாதரசம் பறந்துவிடும். கூடவே, அளவீடு சரியா என்று ஒப்பிட, முடி போடாத ஒரு குடுவையும், அளவு தெரிந்த தரமாதிரி முடி ஒன்றும் ஓடட்டும்.

தனிமங்களை நிறை வாரியாகப் பிரித்து எண்ணும் கருவியான ஐசிபி-எம்எஸ்ஸில் ஆர்செனிக்குக்கு ஒரு பொறி உண்டு. உப்பின் குளோரின் கருவியில் ஓடும் ஆர்கான் வாயுவோடு சேர்ந்து, ஆர்செனிக்கின் அதே 75 நிறையில் வந்து நிற்கும். இந்தப் போலியை வடிகட்டும் ஹீலியம் மோதல் அறை இல்லாமல் அந்த எண்ணை எழுதவே கூடாது.

முடி யாருடையது என்பதும் கேள்விதான். இசையமைப்பாளர் பேத்தோவன் முடி என்று ஈய அளவு பார்த்த ஒரு கற்றை பெண்ணுடையது என 2023-இல் டிஎன்ஏ காட்டியது. உறுதியான இரண்டு கற்றைகளில் 2024-இல் கிராமுக்கு 258, 380 மைக்ரோகிராம் ஈயம், இயல்பு 4-க்குள். நெப்போலியனின் ஆர்செனிக் வேறு கதை: 2008-இல் இத்தாலியில் அவரது சிறுவயது முடியையும் மனைவி ஜோசஃபினின் முடியையும் சேர்த்து அளந்தபோது எல்லாவற்றிலும் இன்றைய அளவைவிட மிக அதிகம். காலத்துக்கே பொதுவான அளவு அது. அதனால் அதே காலத்து வேறு ஆட்களின் முடி கிடைக்காவிட்டால் நஞ்சு என்ற சொல்லை அறிக்கையில் சேர்ப்பதில்லை. அருங்காட்சியக மாதிரி என்றால், பூச்சிக்கு ஆர்செனிக்கோ பாதரச உப்போ தெளித்தார்களா என்று பராமரிப்புப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிய பிறகுதான் கத்தரியையே எடுக்கிறோம்.