ஆமைக்கு மேடை வாங்கும் முன்

தொட்டி ஆமைக்கு வெயில் காயும் மேடை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அழகைத்தான் பார்க்கிறார்கள். நான் பார்ப்பது ஒன்றுதான்: ஆமை ஏறி உட்கார்ந்த பிறகும் மேடை தண்ணீருக்கு மேலேயே நிற்கிறதா? மிதக்கும் மேடை குட்டி ஆமையைத் தாங்கும். அது வளர வளர மேடை ஒரு பக்கம் சாய்ந்து, பாதி வயிறு நனைந்தபடியே கிடக்கும். ஓடு முழுசாகக் காயாவிட்டால் பூஞ்சை, ஓடு அழுகல் என்று தொல்லைதான். மேடையைத் தொட்டிக் கண்ணாடியில் ஒட்டிப் பிடிக்கும் ரப்பர்களை நம்பவே மாட்டேன். பாசி படிந்தால் வழுக்கிவிடும்.

சரிவுப் பாதை சொரசொரப்பாக இருக்கட்டும். வழவழப்பான பிளாஸ்டிக்கில் நகம் கீறுமே தவிர பிடிக்காது. பாதி ஏறி, கழுத்தை நீட்டி, பின்காலை உதைத்து, தொபுக்கென்று விழும் பாவம்.

சிவப்புக்காது ஆமைக்கு மேடையின் மேற்பரப்பு 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் சரியாக இருக்கும். யுவிபி விளக்குக்கும் (வெயிலில் இருப்பது போன்ற புற ஊதாக் கதிரைத் தரும் விளக்கு) ஆமைக்கும் நடுவில் கண்ணாடி வேண்டாம், கதிரைத் தடுத்துவிடும்.

அப்புறம், மேடைக்கு அடியில் இடுக்கு ஏதும் இருக்கிறதா என்று கையை விட்டுப் பாருங்கள். அதில் மாட்டிக்கொண்டு மூச்சு வாங்க மேலே வர முடியாவிட்டால் நீராமையும் மூழ்கிச் சாகும்.