லெட்ரா தெருவில் எல்லை தாண்டியபோது

சைப்ரஸ் தீவின் தலைநகர் நிக்கோசியா, கிரேக்கர்களின் தெற்கு, துருக்கியர்களின் வடக்கு என இரண்டாகப் பிரிந்த ஊர். அதன் இரண்டு பக்கத்தையும் பார்க்க நினைப்பவர்கள் தெற்கில் உள்ள லார்னகா அல்லது பாஃபோஸ் விமான நிலையத்தில் இறங்குவதுதான் நல்லது. வடக்கில் உள்ள எர்ஜான் விமான நிலையத்தில் இறங்கினால், தெற்கை ஆளும் சைப்ரஸ் குடியரசின் கணக்கில் அது சட்டவிரோத நுழைவு. நான் லார்னகாவில் இறங்கி பஸ் பிடித்தேன்.

நகரின் நடுவில் உள்ள லெட்ரா தெருவில் வண்டி போகாது, நடந்துதான் வடக்கே கடக்க முடியும். துணிக்கடைகளும் காபிக்கடைகளுமாகப் போகும் தெருவில் திடீரென்று ஒரு போலீஸ் கூண்டு. கடவுச்சீட்டை, விசாவைப் பார்த்தார்கள், சரி போங்கள் என்றார்கள். அப்புறம் ஐநா கண்காணிப்பில் உள்ள ஒரு துண்டுத் தெரு, ஆளில்லாத கட்டடங்கள். படம் எடுக்கக் கூடாது. அதைத் தாண்டினால் துருக்கிய சைப்ரஸ்காரர்களின் கூண்டு. முத்திரை குத்தாமல் கணினியில் பதிந்துகொண்டு விட்டுவிட்டார்கள். 1974இல் துருக்கிப் படை இறங்கியதிலிருந்து தீவு முழுக்க இரண்டாகக் கிடக்கிறது. இந்தத் தெரு திறந்ததோ 2008 ஏப்ரலில்தான்.

வடக்கில் மசூதியாகிவிட்ட பழைய தேவாலயம், 1572இல் கட்டிய புயுக் ஹான் சத்திரம் எல்லாம் பார்த்தேன். ஆனால் அதிக நேரம் நின்றது ஒரு வீட்டுத்தரகர் கடையின் கண்ணாடி முன்னால். செலாவணி துருக்கி லிரா, வீட்டு விலையோ பிரிட்டிஷ் பவுண்டில். ஒவ்வொரு விளம்பரத்திலும் பத்திரத்தின் வகை போட்டிருந்தது. 1974க்கு முன்பே துருக்கியர் பெயரில் இருந்த மனைக்கு ஒரு பெயர், மதிப்பும் கூடுதல். ஓடிப்போன கிரேக்கர்களின் நிலத்தை, தெற்கில் சொத்தை விட்டு வந்தவர்களுக்கு ஈடாகக் கொடுத்திருந்தால் அதற்கு வேறு பெயர். வில்லங்கம் பார்க்காமல் கால் சென்ட் வாங்காத நம் ஆட்களுக்கு இது தலைசுற்றும். கிரேக்கர் ஒருவரின் நிலத்தில் மாளிகை கட்டிய பிரிட்டிஷ் தம்பதி மீது வழக்கு நடந்து, 2009இல் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். தெற்கில் துருக்கியர்கள் விட்டுப்போன சொத்தை அரசு பாதுகாவலராக வைத்திருக்கிறது. உரிமையாளர் நினைத்தபடி விற்க முடியாது. இரண்டு பக்கமும் இழந்திருக்கிறார்கள், ஆனால் சந்தையில் விலைபோவது வடக்கின் நிலம்.

சாப்பிட்ட கடையில் பரிமாறிய இளைஞரின் பெற்றோர் துருக்கியிலிருந்து குடியேறியவர்கள். தெற்கே போனதுண்டா என்று கேட்டேன். குடியேறியவர்களின் பிள்ளைகளைத் தெற்கில் விடமாட்டார்கள் என்றார். அதே கடையில் பாத்திரம் கழுவுகிறவர் தீவிலேயே பூர்வீகம் உள்ள துருக்கியர், அவரிடம் சைப்ரஸ் குடியரசின் அடையாள அட்டை உண்டு. முன்பு தினமும் தெற்கே போய் யூரோவில் கூலி வாங்கியவராம். பக்கத்துத் தெருவுக்குப் போகப் பரிமாறிய இளைஞருக்கு வழியில்லை, எங்கிருந்தோ வந்த எனக்கு விசா இருக்கிறது. அவர் கோபப்படவில்லை, பில்லை வைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

திரும்பும்போது தெற்குக் கூண்டில் பையைத் திறந்து பார்ப்பார்கள். சிகரெட் 40க்கு மேல் கொண்டுவரக் கூடாது. வடக்கே செல்பேசி எடுத்துப் போனால் ஐரோப்பிய ரோமிங் அங்கே செல்லாது, டேட்டாவை அணைத்துவிடுங்கள்.