ஆறு ஆண்டு எந்த நாளிலிருந்து? வேலூர் வட்டார ஆய்வாளர்களுக்குச் சில குறிப்புகள்

முனைவர் பட்ட ஆய்வில் இருப்பவரிடம் எத்தனையாவது வருஷம் என்று கேட்டால், கோர்ஸ் ஒர்க் (தொடக்கத்தில் படிக்க வேண்டிய பாடங்கள்) முடித்த நாளிலிருந்து எண்ணிச் சொல்பவர்கள் உண்டு, தலைப்பு உறுதியான நாளிலிருந்து எண்ணுபவர்களும் உண்டு. இரண்டு கணக்கும் தப்பு. 2022 நவம்பரில் வந்த யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதிமுறைப்படி காலம் எண்ணப்படுவது சேர்க்கை நாளிலிருந்து. கோர்ஸ் ஒர்க்கையும் சேர்த்துக் குறைந்தது மூன்று ஆண்டு, கூடினால் ஆறு ஆண்டு. மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு, ஆக எட்டு. பெண்களுக்கும், 40 விழுக்காட்டுக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் இன்னும் இரண்டு சேர்ந்து பத்து. பெண் ஆய்வாளர்களுக்குப் பேறுகால, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு 240 நாள் வரை, ஆய்வுக்காலத்தில் ஒருமுறை.

மறுபதிவு தானாக நடக்காது. ஆறாம் ஆண்டு முடியும் முன்பே நெறியாளரின் பரிந்துரையோடு விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். கல்லூரி ஆய்வு மையத்தில் இருப்பவர்கள் இதற்கு மூன்று மாதமாவது ஒதுக்குவது நல்லது. கைடு, துறைத்தலைவர், முதல்வர் என்று கையெழுத்து வாங்கிய பிறகுதான் கோப்பு பல்கலைக்கழகம் இருக்கும் சேர்க்காட்டுக்குப் போகும். திருப்பத்தூரிலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ வருபவர்கள், விட்டுப்போன ஒரு முத்திரைக்காகத் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்துக்கு இரண்டாம் முறை பஸ் ஏறுவது வழக்கமான காட்சி. புறப்படும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டிப் பார்த்துவிடுங்கள்.

கோர்ஸ் ஒர்க் குறைந்தது 12 கிரெடிட் (பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு). ஆய்வு முறையியலும், ஆய்வு மற்றும் வெளியீட்டு அறநெறி என்ற இரண்டு கிரெடிட், 30 மணி நேரப் பாடமும் இதற்குள்ளேயே அடங்கும். 55 விழுக்காடு எடுத்தால்தான் ஆய்வைத் தொடரலாம். அறநெறிப் பாடத்தைச் சடங்காக நினைத்துக் கடைசியில் தள்ளிப்போடுகிறார்கள். ஆனால் போலி இதழ்கள், தரவுத்தளங்கள், மேற்கோள் அளவீடுகள் எல்லாம் அதில்தான் வருகின்றன. முதல் கட்டுரை அனுப்பும் முன்பே படித்திருந்தால் காசும் மானமும் மிஞ்சும்.

மீதி கிரெடிட்டை ஸ்வயம், என்.பி.டி.இ.எல். ஆகிய இணையவழிப் பாடத் தளங்கள் வழியாக எடுக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எந்தப் பாடம் என்பதை முடிவு செய்வது ஆய்வு ஆலோசனைக் குழு. இதை நம் பக்கம் பலரும் இன்னும் டி.சி. (டாக்டரல் கமிட்டி) என்றுதான் சொல்கிறோம். முதலில் படித்துவிட்டுப் பிறகு ஒப்புதல் கேட்டால், சான்றிதழ் சுவரில் மாட்டத்தான் உதவும். ஜனவரி, ஜூலை என ஆண்டுக்கு இரண்டு சுற்று. பொதுவாக 4 வாரத்துக்கு ஒரு கிரெடிட், 8 வாரத்துக்கு இரண்டு, 12 வாரத்துக்கு மூன்று. என்.பி.டி.இ.எல். பாடத்தில் சேர இலவசம், தேர்வுக்குத் தாளுக்கு 1,000 ரூபாய். தேர்ச்சிக்கு வாராந்திர ஒப்படைப்பில் 25-க்கு 10, நேரடித் தேர்வில் 75-க்கு 30, இரண்டும் தனித்தனியாக வர வேண்டும். 12 வாரப் பாடத்தில் சிறந்த எட்டு ஒப்படைப்புகளை எடுத்துக்கொள்வார்கள். ஆகவே நான்கு வாரம் விட்டாலும் பிழைக்கலாம், ஐந்தாவதில் இடிக்கும். படிப்பது ஒரு பக்கம் நடக்க, தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்யும் கடைசி நாளைத் தவறவிடுபவர்கள்தான் அதிகம்.

இதைவிடப் பெரிய தொல்லை இனிஷியல். பட்டச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால், வங்கிக் கணக்கில் இனிஷியலே இல்லை, கட்டுரையில் வேறு மாதிரி. நீங்கள் எடுத்த கிரெடிட்டுகளைச் சேர்த்துவைக்கும் கிரெடிட் வங்கிக் கணக்கு டிஜிலாக்கர் வழியாக ஆதார் பெயரோடு ஒட்டும்போது இந்த வேறுபாடு முட்டிக்கொண்டு நிற்கும். சேர்ந்த முதல் மாதமே ஒரு வடிவத்தை முடிவு செய்து, ஆதாரையும் வங்கிக் கணக்கையும் அதற்குத் திருத்தி, ஆய்வாளருக்கான 16 இலக்க ஆர்கிட் அடையாள எண்ணையும் அதே பெயரில் எடுத்துவிடுங்கள். திருமணத்துக்குப் பின் கணவர் பெயரைச் சேர்ப்பவர்கள், வைவா (வாய்மொழித் தேர்வு) முடியும்வரை அதை ஆய்வுக் கோப்புக்குள் கொண்டுவராமல் இருப்பதே நிம்மதி.

தலைப்பைப் பதிவதிலும் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. தலைப்பில் "வேலூர் மாவட்டம்" என்று எழுதுகிறீர்கள். எந்த வேலூர் மாவட்டம்? வட ஆர்க்காடு 1989-ல் இரண்டானது. அதில் ஒன்றுதான் பின்னாளில் வேலூர் மாவட்டம். 2019 நவம்பரில் அதுவும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எண்கள் பழைய பெரிய மாவட்டத்துக்கானவை. ஆம்பூர் தோல் தொழிற்சாலைகளைக் களமாக வைத்துக்கொண்டு தலைப்பில் வேலூர் மாவட்டம் என்று போட்டால், இன்றைய வரைபடத்தில் ஆம்பூர் திருப்பத்தூரில் இருக்கிறது. குடியாத்தம் வேலூரிலேயே நிற்கிறது, வாலாஜா ராணிப்பேட்டைக்குப் போய்விட்டது. "பிரிக்கப்படாத வேலூர் மாவட்டம்" என்ற சொல்லையோ, வட்டத்தின் பெயரையோ தலைப்பிலேயே போட்டுவிட்டால் புறத்தேர்வாளர் கேள்வி கேட்க இடமிருக்காது. பதிவான தலைப்பை மாற்றுவது என்றால் மறுபடி குழு, மறுபடி கையெழுத்து.

ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் ஒவ்வொரு பருவத்திலும் முன்னேற்றத்தைச் சமர்ப்பிக்க வேண்டும். கூட்டம் நடந்தால் போதாது, நடவடிக்கைக் குறிப்பில் எல்லாரும் கையெழுத்திட்ட பிரதி உங்கள் கையில் இருக்க வேண்டும். மூன்று ஆண்டு கழித்து, ஓய்வு பெற்றுப் போன குழு உறுப்பினரைத் தேடிப் பழைய தேதியில் கையெழுத்துக் கேட்பது அசிங்கம். விதியும் அல்ல.

மனிதர்களிடம் தகவல் திரட்டுபவர்கள் அறநெறிக் குழுவின் ஒப்புதலைக் களத்துக்குப் போகும் முன்பே பெற வேண்டும். பின்னோக்கி ஒப்புதல் தருவதில்லை. பீடித் தொழிலாளரிடம் வினாநிரல் கொண்டு போவதும் இதில் அடங்கும், மருத்துவமனைக்கு மட்டும் என்று நினைப்பது தவறு. ஒப்புதல் படிவம் அவர்கள் பேசும் தமிழில் இருக்கட்டும். "தன்னார்வப் பங்கேற்பாளர்" என்று எழுதினால் யாருக்குப் புரியும்? எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைக்கும்போது சார்பற்ற சாட்சி ஒருவர் உடனிருந்து கையெழுத்திட வேண்டும். மருத்துவ ஆய்வில் சிகிச்சைச் சோதனை என்றால், முதல் நபரைச் சேர்க்கும் முன் சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருத்துவச் சோதனைப் பதிவகம்) பதிவு எண் வந்திருக்க வேண்டும். பட்டத்துக்கான ஆய்வுதானே என்ற விலக்கு இல்லை.

இப்போது கட்டுரை வெளியீடு. ஆய்வேடு கொடுக்கும் முன் கட்டாயம் ஒரு கட்டுரை என்ற 2016 விதி, 2022 விதிமுறையில் இல்லை. ஆனால் பல்கலைக்கழகம் தனியாக விதிக்கலாம், ஆகவே நீங்கள் சேர்ந்த ஆண்டின் பல்கலைக்கழக விதியைப் படியுங்கள். ஏற்கத்தக்க இதழ்களின் யு.ஜி.சி. கேர் பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டுவிட்டது. இதழின் தரத்தை நிறுவனமே பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்று சில அளவுகோல்களை மட்டும் தந்திருக்கிறார்கள். இன்னும் "கேர் லிஸ்ட்" என்று விளம்பரம் செய்து பணம் கேட்கும் இதழைக் கண்டால் தள்ளி நில்லுங்கள். பழைய பட்டியல் இருந்தபோது வெளியிட்டவர்கள், அந்த இதழ் பட்டியலில் இருந்ததற்கான பக்கத்தைத் தேதியோடு அச்செடுத்து வைத்திருந்தால் பாதுகாப்பு. ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் இருக்கிறது என்று இதழ் சொன்னால், அந்தத் தளத்திலேயே போய் இதழுக்குரிய ஐ.எஸ்.எஸ்.என். எண்ணை வைத்துத் தேடுங்கள். நல்ல இதழின் பெயரையும் எண்ணையும் திருடி நடத்தும் போலித் தளங்கள் உண்டு. பத்து நாளில் ஏற்பு, உடனே பணம் என்றால் சந்தேகப்படுங்கள்.

பிறர் எழுத்தை நகலெடுத்திருக்கிறதா என்று மென்பொருளால் பார்க்கும் ஆய்வேட்டின் ஒப்புமைச் சோதனையில்தான் தமிழில் எழுதுபவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். 2018 யு.ஜி.சி. விதிப்படி ஒப்புமை 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. 10 முதல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40 முதல் 60 என்றால் ஓராண்டு திருத்திய பிரதியைக் கொடுக்கவே முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவு ரத்து. மேற்கோள் குறிக்குள் சான்றோடு தந்த பகுதி, துணைநூற்பட்டியல், பொருளடக்கம், முகவுரை, நன்றியுரை ஆகியவை கணக்கில் வராது. ஆனால் மென்பொருள் மேற்கோளை அடையாளம் காண்பது மேற்கோள் குறியை வைத்து. சங்கப் பாடல் அடிகளை உள்தள்ளி மட்டும் அச்சிட்டுக் குறி போடாமல் விட்டால் அத்தனையும் ஒப்புமையாக ஏறும். குறுந்தொகையைத் திருடியதாக அறிக்கை வருவது இப்படித்தான்.

இரண்டாவது, எழுத்துரு. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பு கண்ணுக்குத் தமிழ், கணினிக்குப் பொருளற்ற ஆங்கில எழுத்துகள். சோதனையில் பூஜ்யம் வரும், சிலர் அதைக் கண்டு மகிழ்வார்கள். ஆனால் அது சோதனையே அல்ல, திருப்பி அனுப்பப்பட வாய்ப்பு அதிகம். டி.டி.பி. கடையில் கொடுத்தாலும் ஒருங்குறியில்தான் (யூனிகோட்) வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். முந்நூறு பக்கத்தைக் கடைசியில் மாற்றினால் கொம்பும் காலும் இடம் மாறும், ஆங்கில மேற்கோள்கள் சிதையும், மெய்ப்பு மறுபடி முதலிலிருந்து. சரிபார்க்க எளிய வழி உண்டு. பி.டி.எஃப். கோப்பிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். "கொடுத்தான்" என்ற சொல் அப்படியே வந்தால் கோப்பு நலம்.

ஆய்வேடுகளைச் சேமித்துவைக்கும் சோத்கங்கா தளத்துக்கு இயல் இயலாகப் பிரித்த கோப்புகள் தேவை. தலைப்புப் பக்கம் 01-ல் தொடங்கி வரிசை எண்ணோடு போகும். 80 என்ற எண்ணில் தொடங்கும் கோப்பில் தலைப்புப் பக்கமும் முடிவுரை இயலும் இருக்க வேண்டும். ஸ்கேன் செய்த படமோ, கடவுச்சொல் போட்டுப் பூட்டிய கோப்போ ஏற்கப்படாது.

உதவித்தொகை பற்றிச் சுருக்கமாக. 2023 ஜனவரி முதல் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) மாதம் 37,000 ரூபாய், எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை) 42,000. யு.ஜி.சி. பணம் வர, நிறுவனத்தில் ஒருவர் உங்கள் விவரத்தைப் பதிவேற்ற, இன்னொருவர் சரிபார்க்க வேண்டும், அதுவும் மாதாமாதம். பணம் நின்றால் முதலில் டெல்லியைத் திட்ட வேண்டாம். உங்கள் அலுவலகத்தில் அந்தக் கணக்கைக் கையாண்டவர் மாறுதலில் போயிருக்கிறாரா என்று கேளுங்கள். இரண்டு ஆண்டு முடிந்ததும் எஸ்.ஆர்.எஃப். உயர்வுக்கு மூவர் குழு மதிப்பீடு தேவை. அந்தத் தேதியையும் நீங்கள்தான் நினைவூட்ட வேண்டும்.

பயிற்சிக்கு வெளியூர் போகும் முன் உள்ளூரைப் பாருங்கள். காட்பாடியில் வி.ஐ.டி., பாகாயத்தில் சி.எம்.சி. கல்லூரி வளாகம்.  மாதிரி அளவு கணக்கிடுவதில் சந்தேகம் உள்ளவர்கள் தரவு திரட்டும் முன்பே புள்ளியியலாளரைப் பார்க்க வேண்டும். திரட்டிய பிறகு போனால் அவர் செய்யக்கூடியது கொஞ்சம்தான். சமூக அறிவியல் ஆய்வாளர்களுக்கு ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். (இந்திய சமூக அறிவியல் ஆய்வுக் கழகம்) நிதியில் நடக்கும் பத்து நாள் முறையியல் பயிற்சி நல்லது, முதல் ஆண்டிலேயே விண்ணப்பியுங்கள். நெறியாளர் கையெழுத்திட்ட பரிந்துரைக் கடிதத்தைத் தேதி போடாமல் தயாராக வைத்திருந்தால், அறிவிப்புக்கும் கடைசி நாளுக்கும் இடையே ஒரு வாரமே இருந்தாலும் சமாளிக்கலாம்.

இதழ்களைப் படிக்க, 2025 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களைத் திறந்துவிட்டிருக்கிறது. ஆனால் அரசு நடத்தும் நிறுவனங்களுக்கு மட்டும். ஓட்டேரி முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரி அந்த வகையில் வரும். தனியார் கல்லூரி ஆய்வாளர்கள் தங்கள் நூலகரிடம் வேறு என்ன சந்தா இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அரசுக் கல்லூரியில் இருப்பவர்களும் வீட்டிலிருந்து படிக்க நூலகர் வழியாக உள்நுழைவுக் கணக்கு வாங்க வேண்டும். அதைக் கேட்டு வாங்கியவர்களைவிட, அப்படி ஒன்று இருப்பதே தெரியாதவர்கள்தான் நம் பக்கம் அதிகம்.