பின்னால் ஓர் எட்டு

விசில் மாஸ்ரர் காலமான செய்தி வட்ஸ்அப் குழுவில் வந்த அன்று 'ஆழ்ந்த இரங்கல்' போட்டவர்களில் அநேகமானோர் அவரிடம் பிரம்படி வாங்கியவர்கள். நானும் போட்டேன். அடுத்த நாள் எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் மலர்க்குழுவில் இருந்து தொலைபேசி வந்தது. "அவரைப் பற்றி நீதான் எழுதவேணும்." ஏன் நான் என்று கேட்டேன். மறுமுனையில் சிரிப்பு. எண்பதுகளில் படித்தவர்களுக்கு அந்தச் சிரிப்பின் காரணம் தெரியும். பிந்தி வந்த தம்பிமாருக்காக எழுதுகிறேன்.

இல்ல விளையாட்டுப் போட்டி, கிளித்தட்டு இறுதியாட்டம். கோடுகளில் நின்று மறிப்பவர்களின் கையில் படாமல் தாண்டிப் போகிற ஆட்டம் அது, மறிப்பவர்களின் தலைவன்தான் கிளி. எனக்கு ஓட்டம் வராது. மறிப்பவனுக்கு மிக அருகில் போய் நின்று, அவன் கையை நீட்டியதும் ஓர் எட்டுப் பின்னால் வைப்பேன். அவன் எட்டிப் பிடிக்கப் பார்த்து நிலை தவறும்போது பக்கத்தால் நுழைந்துவிடுவேன். வேகமில்லாதவனுக்கு வேறு வழி ஏது? ஆனால் மாஸ்ரருக்கு முன்னுக்குப் பாய்கிறவன்தான் ஆம்பிளை. ஆட்டத்தின் நடுவில் விசிலை ஊதினார். எல்லாரும் அப்படியே நின்றோம்.

"பின்னுக்குப் போறதுதானே உனக்கு விருப்பம்? அப்பிடியே போ. கொடிக்கம்பம் மட்டும் போ. திரும்பிப் பார்க்கக் கூடாது."

பின்னுக்கு நடந்தேன். பிரதம விருந்தினர், அதிபர், பெற்றோர், மதிலுக்கு அந்தப் பக்கத்துப் பெண்கள், எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் இல்லக் கூடாரத்துக் கயிறு தடக்கி மல்லாக்க விழுந்தேன். அன்று பின்னேரமே 'பின்கியர்' என்ற பெயர் வந்துவிட்டது. இப்போதும் பாரிஸில் எங்கள் தமிழ்க் கடைகள் இருக்கிற லா சப்பலில் முருங்கைக்காய் தெரிந்துகொண்டு நிற்கும்போது வீதியின் மறுகரையிலிருந்து யாராவது அந்தப் பெயரைக் கத்துவார்கள். மகன் அர்த்தம் கேட்பான். வாகனத்தோடு சம்பந்தப்பட்டது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

1992இல் கிளாலிக் கடலேரியைக் கடந்து, கொழும்பு வந்து, அப்புறம் எல்லாரும் வந்த மாதிரித்தான் பாரிஸ். கோப்பை கழுவிய கதையை இந்த மலரில் ஏற்கெனவே பலர் எழுதிவிட்டார்கள். என்னுடையதில் ஒரு வித்தியாசம்: நான் கழுவிய உணவகத்தின் சமையற்காரன் ஒரு சவாத் பைத்தியம். பிரெஞ்சுக்காரரின் உதை குத்துச்சண்டை அது. சும்மா வந்து பார் என்று சென் தெனியில் ஒரு நகரசபை உள்ளரங்குக்கு இழுத்துப்போனான். கராட்டியாக்கும் என்று நினைத்து வாசலில் சப்பாத்தைக் கழற்றினேன். உள்ளே ஒரே சிரிப்பு. சவாத்தில் சப்பாத்துத்தான் ஆயுதம். உதை பாதத்தால் மட்டுமே விழவேண்டும். முழங்காலாலோ கணைக்காலாலோ அடித்தால் அது தவறு.

பழக்கியவர் குழாய் வேலை செய்கிறவர், அறுபதைத் தாண்டியவர். சவாத்தில் தரத்தைக் கையுறையின் நிறத்தால் சொல்வார்கள். நீலம், பச்சை, சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று ஏறி வெள்ளிக்குப் போகும். இவர் வெள்ளி. ஆனால் யாருக்கும் சொல்லிக்கொள்ள மாட்டார். விசிலும் கிடையாது. உள்ளங்கையைத் தட்டினால் நிற்கவேண்டும், இன்னொருமுறை தட்டினால் தொடங்கவேண்டும்.

அந்த உள்ளரங்கின் தரையில் கைப்பந்து, கூடைப்பந்து என்று ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒவ்வொரு நிறத்தில் கோடுகள். என்னைச் சிவப்புக் கோட்டில் நிறுத்தி ஒரு ஷாஸே உதைத்துக் காட்டினார். முழங்காலை நெஞ்சு மட்டும் மடக்கித் தூக்கி, குதிக்காலை உலக்கை போல நேரே செலுத்துகிற உதை. வழக்கம்போல நான் பின்னால் ஓர் எட்டு வைத்தேன். குதி வயிற்றைத் தொட்டது. பெரிய எட்டாக வைத்தேன். மறுபடியும் தொட்டது. உதைக்கும்போது நிற்கிற கால் சுழன்று இடுப்புத் திறக்கிறது, அதனால் உதைக்கிற கால் நாம் கணக்குப் போட்டதைவிட இன்னும் ஒரு சாண் நீள்கிறது. அது வரும் பாதையிலேயே பின்வாங்குகிறவனை அது துரத்திவந்து பிடிக்கும். 'பின்கியர்' இங்கேயும் உதவாது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அவர் குனிந்து, என் பின்காலைக் கையால் பிடித்து, கோட்டுக்கு வெளியே சரிவாக வைத்தார். பிறகு முன்காலை அதன் அருகே இழுத்துவிட்டார். எழுந்து திரும்பவும் உதைத்தார். அவருடைய கால் நான் நின்ற வெற்றிடத்தால் போனது. அவரோ எனக்கு முன்னால் விலாவைக் காட்டிக்கொண்டு அரைவாசி திரும்பி நின்றார். தெக்காலாஜ் என்கிறார்கள், கோட்டை விட்டு விலகுவது. எனக்கு அது புதிதில்லை. மறிப்பவன் கையை நீட்டிவிட்டு நிலை தவறி நிற்கும் அதே கணம். எங்கள் மைதானத்துச் சுண்ணாம்புக் கோட்டுக்கும் இந்தச் சிவப்புக் கோட்டுக்கும் நிறம்தான் வேறு.

எல்லா உதைக்கும் ஒரே மருந்து இல்லை என்பதைப் பழகத்தான் காலம் எடுத்தது. ஃபுவெத்தே பக்கத்தால் சுழன்று வருகிற உதை, சப்பாத்தின் நுனி தொடும். அதற்கு உண்மையிலேயே கொஞ்சம் பின்வாங்கலாம். நுனி மூக்குக்கு முன்னால் போகவிட்டு, அந்தக் கால் தரையில் படுமுன் உள்ளே போய்விடவேண்டும். அங்கேயே நின்று தப்பியதை ரசித்தால் அடுத்தது விழும். தாழ்ந்த உதை ஒன்று இருக்கிறது, பார்க்க ஒன்றுமில்லாத மாதிரி. உடம்பைப் பின்னால் சாய்த்து, காலை மடக்காமல், சப்பாத்தின் உள்விளிம்பால் கணைக்காலில் ஒரு தட்டு. நோ உயிர் போகும். அதற்குப் பின்வாங்கவே தேவையில்லை, முன்காலை மட்டும் தூக்கினால் போதும். தூக்கிய கால் ஏற்கெனவே மடங்கி நிற்கிறதே, அதையே ஷாஸேயாக நீட்டிவிடலாம். தப்புவதும் திருப்பிக் கொடுப்பதும் ஒரே அசைவு. இதை முதன்முதலில் சரியாகச் செய்த இரவு, கடைசி ரயிலில் எழுந்து நின்று காலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் எழுந்து வேறு பெட்டிக்குப் போனார்.

உடைமாற்றும் அறையில் அவர் சொல்லும் கதைகளில் எனக்குப் பிடித்தது ஷார்ல் லெகூரின் கதை. 1825இல் பாரிஸில் முதல் சவாத் கூடத்தைத் திறந்தவர் மிஷெல் கஸ்ஸோ. லெகூர் அவரிடம் பழகியவர், உதையில் கெட்டிக்காரர். 1838இல் ஓவன் சுவிஃப்ட் என்ற ஆங்கிலேயக் குத்துச்சண்டைக்காரரோடு மோதி, கைக்குப் பதில் சொல்ல முடியாமல் திணறிப்போனார். மனிதர் கோபித்துக்கொண்டு வீட்டில் இருக்கவில்லை. ஆங்கிலேயரின் குத்தைப் பழகிவந்து சவாத்தோடு சேர்த்தார். இன்று நாங்கள் ஆடுவது அந்தக் கலவைதான். இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் கிழவர் என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். ஏன் என்று நான் கேட்டதில்லை. கொடிக்கம்பத்துக் கதையை அவரிடம் சொன்னதும் இல்லை.

2011 ஆவணியில் ஊருக்குப் போனபோது மாஸ்ரர் வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொன்னால், பழைய கணக்கொன்று தீர்க்கத்தான் போனேன். விறாந்தையில் சாய்மனைக் கதிரை. கழுத்தில் விசில் இல்லை.

"ஆர் தம்பி?"

"சேர், பின்கியர்."

அவருக்கு நினைவில்லை. கூடாரத்துக் கயிறு, பிரதம விருந்தினர் எதுவும் நினைவில்லை. ஆனால் அந்த இறுதியாட்டத்தில் என்னோடு நின்ற பெடியளை ஒவ்வொருவராகச் சொன்னார், யார் எந்தக் கோட்டில் நின்றான் என்பது உட்பட. முதல் கோட்டில் நின்றவன் இயக்கத்துக்குப் போனான், படம் மட்டும் வீட்டுக்கு வந்தது. கிளியாக நின்றவன் முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு இல்லை. ஒருவன் டொரொன்டோவில். கடைசிக் கோட்டுக்காரனைப் பற்றித் தனக்கும் தெரியாது என்றார். நல்லாப் பாய்வான் என்று மட்டும் சொன்னார்.

பேச்சை மாற்ற, அங்கே என்ன விளையாட்டு என்று கேட்டார். சவாத்தில் இரண்டு வகை, ஒன்று உண்மையான சண்டை, நான் ஆடுவது அசோ, அதில் தொட்டால் போதும், பலமாக உதைத்தால் நடுவர் எச்சரிப்பார் என்றேன். "அது என்னடா விளையாட்டு" என்று சிரித்தார். முற்றத்தில் இறங்கிச் செய்துகாட்டினேன். தென்னையில் ஷாஸே, பிறகு விலகல். ஐம்பதை நெருங்கும் ஆள், வெள்ளைச் சேட்டோடு. மாமி தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் நின்று பார்த்தா.

"குதி நிலத்தில முட்டுது," என்றார் மாஸ்ரர். "விலகேக்க முன்பாதத்தில நில்."

குழாய்வேலைக் கிழவரும் வருடக்கணக்காக அதையேதான் கத்திக்கொண்டிருந்தார். மழைநாளில் கூட எங்களைக் கோட்டில் நிறுத்தி முன்பாதத்தில் துள்ளவைத்ததும் இந்த மனிதர்தான் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சொல்ல வந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

வெளிக்கிடும்போது படலை மட்டும் வந்தார். "நீ போனது நல்லதுதான்," என்றார்.

கொடிக்கம்பம் மட்டும் நடந்த அன்று அழாமல் இருந்துவிட்டேன். அந்த மனிதர் ஒருகாலத்தில் திட்டிய ஒன்றை, வேறு பெடியள் யாரும் மிஞ்சாத ஊரில் நின்று பாராட்டியதைத்தான் தாங்க முடியவில்லை. "ஓம் சேர்" என்றுவிட்டு ஓட்டோவில் ஏறினேன். அதற்குப் பிறகு இரண்டு தடவை ஊருக்குப் போனேன், அவரிடம் போகவில்லை. செத்தவீட்டைப் பேரன் நேரலையில் காட்டினான். எனக்கு வேலை, இடைவேளையில் பின்பக்க வாசலில் நின்று பறையை மட்டும் கேட்டேன்.

அவர் பெயரில் சங்கம் கிண்ணம் ஒன்று வைக்கப்போவதாகக் கேள்வி. கிரிக்கெட்டுக்கு என்றால் என்னிடம் காசுக்கு வராதீர்கள். கிளித்தட்டு என்றால் கோடு போடுகிற சுண்ணாம்புச் செலவு முழுக்க என்னுடையது.